மைதானத் தண்ணீர் உபயம்

தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. தாராபுரத்துல நீங்க ஏறுனதுல இருந்து உங்க பனியனத்தான் பாத்துக்கிட்டு வாரேன். நீங்களும் ரெண்டு மூணு தடவ திரும்பிப் பாத்துட்டீங்க, இந்தக் கெழவன் என்ன இப்படி முறைக்கான்னு. முறைக்கல. அந்த நெஞ்சுல ஒரு காளை இருக்குல்ல, அது எங்க ஊர்க் காளை. 'கோவை காளைகள்'னு எழுதியிருக்காக. எழுதட்டும். மொதல்ல அது 'கரிசல் காளைகள்'. வேலங்குளம் கரிசல் காளைகள். கோவில்பட்டிக்குக் கெழக்க இருக்கு வேலங்குளம். கேள்விப்பட்டிருக்கீங்களா?

இல்லேல்ல. அதத்தான் சொல்லுதேன். மூணு வருஷம் டி.வி.யில காட்டுன ஊரு. இப்ப அந்தப் பனியனப் போட்டிருக்க பிள்ளைக்கே தெரியல.

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க, எனக்கு வெயிலு ஆகாது. எதுவரைக்கும் போறீங்க, மதுரையா? நல்லதாப் போச்சு. நான் அங்க எறங்கி வேற பஸ்சு புடிக்கணும். தெரிஞ்சவுக யாரும் இல்லாம ஒத்தையில உக்காந்து வந்தா மனசு கண்டதையும் நெனைக்குது. இன்னைக்கு அப்படி ஒரு நாளு.

எம்பேரு சீனிச்சாமி. தீப்பெட்டி ஆபீஸ்ல ஃபிட்டரா இருந்தேன். ஆபீஸ் ஹாக்கி டீமுக்குக் கோல்கீப்பர். அந்தக் காலத்துல ஏது கவசம், ஏது ஹெல்மெட்டு? கால்ல சாக்கச் சுத்திக்கிட்டு நிப்பேன். இந்தா, முன்பல்லு ரெண்டும் அப்படிப் போனதுதான். எங்க ஊர்ல பிள்ள நடக்க ஆரம்பிச்சா கருவேலங் கம்புல வளைஞ்சதாப் பாத்து ஒண்ணு வெட்டிக் கையில குடுத்துருவோம். வெவசாயம் கெடையாது, மழ கெடையாது, வேற என்னத்தக் குடுக்க?

அப்பத்தான் கோல்டன் ஸ்டிக் லீக்னு ஒண்ணு புதுசா ஆரம்பிச்சாக. ரெண்டு வருஷம் தாங்காதுன்னு பேப்பர்ல எழுதுனாக. எல்லா டீமும் பெரிய பெரிய ஊரு. ஒரு டீம வாங்குன ஓனரு மெட்ராஸ்ல கம்பி வியாபாரம் பண்றவரு, அவுக அம்மாவுக்கு எங்க பக்கந்தான் பூர்வீகம். எங்க ஊர்ல கவர்மெண்டு போட்டுக் குடுத்த டர்ஃப், அதான் அந்த நீலச் செயற்கைப் புல்லுத் தரை, ஒண்ணு சும்மா கெடக்கு, கூட்டத்துக்கும் பஞ்சமில்ல, அங்கயே வச்சுருவோம்னுட்டாரு. ஆனா ஒண்ணு சொன்னாரு. மேடையில மாலையப் போட்டுக்கிட்டு நின்னு சொன்னாரு. "மூணு வருஷம் ஒரு குறையும் இல்லாம இங்க நடத்திக் காட்டுங்க. அப்புறம் இந்த டீம் உங்க டீம்தான்"னாரு. ஊரே கேட்டுச்சு. நான் மேடைக்குக் கீழ நின்னு கேட்டேன்.

என்னைய டர்ஃப்புக்கு மேஸ்திரியாப் போட்டாக. முதுகுல எழுத்துப் போட்ட சட்டை குடுத்தாக. அன்னைக்கு முடிவு பண்ணேன் தம்பி, இந்த டீமு இந்த ஊர விட்டுப் போச்சுன்னா அது என்னால போனதா இருக்கக் கூடாதுன்னு.

இப்ப இந்த டர்ஃப்பப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாதா? அது குடிகாரன். ஆட்டத்துக்கு முன்னாடி ஒருக்காக் குடிக்கும், எடைவேளையில ஒருக்காக் குடிக்கும். பெரிய லாரி நெறயத் தண்ணிய ஒரே மொடக்குல குடிச்சிட்டு அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் வாயத் தொறக்கும். குடுக்கலேன்னா பந்து ஓடாது. விழுந்தவன் முட்டித் தோலு உரிஞ்சு கையோட வந்துரும். லீக்ல இருந்து ஒரு ஆபீசர் வருவாரு. ஆட்டம் தொடங்க முன்னாடி நடுவுல போயி நின்னு பூட்ஸ் காலால ஒரு மிதி மிதிப்பாரு. சுத்தித் தண்ணி கசிஞ்சு மேல வரணும். வரலேன்னா ஆட்டம் எதுத்த டீமுக்கு. அப்படி ரெண்டு தடவ ஆச்சுன்னா மைதானமே கேன்சல்.

எங்க ஊர்லயா, குழாயில பத்து நாளைக்கு ஒருக்காத் தண்ணி வரும். வரும்னு சொல்லுவாக. மத்த நாளெல்லாம் லாரிதான். தெருவுக்கு ஒரு முறை. முறைக்கு லாரி வருதுன்னா அன்னைக்குப் பொம்பளைங்க ஒருத்தியும் வேலைக்குப் போக மாட்டா. இந்த ஊர்ல வந்து டர்ஃப் கேக்கு, லாரித் தண்ணி குடுன்னு.

எங்க ஊரு ஹாக்கி சங்கத்துல கூடிக்கூடிப் பேசுனாக, ஒருத்தனுக்கும் வழி தெரியல. நாந்தான் எந்திரிச்சுச் சொன்னேன். "நம்ம அம்மன் கோயில் திருநாளுக்குப் பத்து நாளும் பத்து மண்டகப்படி இல்லையா? ஒருநா தீப்பெட்டி ஆபீஸ்காரக, ஒருநா பலசரக்குக் கடைக்காரக, ஒருநா மேலத் தெருக்காரகன்னு செலவ ஏத்துக்கிடுதோமா இல்லையா? அதே மாதிரி ஆட்டத்துக்கு ஒரு தெரு. அந்தத் தெரு தன்னோட லாரி முறைய மைதானத்துக்கு விட்டுக் குடுக்கட்டும். மைக்குல பேரு சொல்லிருவோம்"னேன். சங்கமே கைதட்டிருச்சு. மண்டகப்படின்னா எங்க ஊர்க்காரனுக்கு ரத்தத்துல இருக்கு. ஒருக்கா எழுதிட்டா அது உரிமை. பேரன் காலத்துக்கும் எவனும் மாத்த முடியாது. அப்படித்தான் நெனைச்சோம். ஊரே அப்படித்தான் நெனைச்சுச்சு.

மொத ஆட்டம் யாரு முறைன்னு மேலத் தெருவுக்கும் வடக்குத் தெருவுக்கும் அடிதடி ஆகிப் போச்சு. ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. தண்ணிக்கு எங்க ஊர்ல அடிதடி புதுசில்ல. தண்ணிய நான்தான் குடுப்பேன்னு அடிச்சுக்கிட்டது அதுதான் மொத தடவ.

அந்த மொத ஆட்டத்த நீங்க பாத்திருக்கணும் தம்பி. மூங்கில் கட்டி ஆளுக உக்காரக் காலரி போட்டிருந்தோம். நாலு மூலையிலயும் பீச்சாங்குழல நான் திருப்பி விடுதேன், தண்ணி ஆளு உயரத்துக்கு மேல எந்திரிச்சு நீல டர்ஃப் மேல விழுது. மைக்குல சொல்லுதான், "இன்றைய மைதானத் தண்ணீர் உபயம், மேலத் தெரு பொதுமக்கள்!" காலரியில மேலத் தெருப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னுட்டாக. ஒருத்தி கத்துதா, "ஏட்டி, நம்ம தண்ணிடி!" ஒரே சிரிப்பு. வீட்டுல கொடம் காலியாக் கெடக்கு, இங்க நின்னு சிரிக்காக. எம் பொண்டாட்டி வேலுத்தாயும் அன்னைக்கு வந்திருந்தா. அவளும் சிரிச்சா. நான் பாத்தேன்.

டீமுல நம்ம ஊர்ப் பய ஒருத்தன், ஜெபஸ்டின். மத்தவுக பஞ்சாப்பு, ஒரிசா, குடகு. ஆலந்துல இருந்து ஒரு வெள்ளக்காரன், யான்னு பேரு. பெனால்டி கார்னர் அடிக்கதுக்குன்னே வந்தவன். கோல் லைன்ல இருந்து பந்த உள்ள தள்ளுவாக, இவன் குனிஞ்சு கம்புல ஏந்தி ஒரு இழுப்பு இழுத்து விடுவான், கோல்கீப்பர் கண்ணச் சிமிட்டுததுக்குள்ள வலை ஆடும். நானும் கோல்கீப்பர்தான். எனக்கே அந்தப் பந்த மறிக்க முடியாது. அவுக நாட்டுல நெலத்துக்குள்ள வார தண்ணிய வெளிய எறைக்கதுதான் வேலையாம். எங்க ஊர்ல பொம்பளைங்க கொடத்தோட வரிசையில நிக்கதப் பாத்துட்டு, இந்தத் தண்ணி எங்கருந்து வருதுன்னு ஜெபஸ்டின விட்டு எங்கிட்டக் கேட்டான். இவுக குடுக்கதுதான்டான்னேன். அன்னைல இருந்து அரை வாளித் தண்ணியிலதான் குளிப்பான். வேலுத்தாய் அவனுக்கு ஒருநா கருவாட்டுக் கொழம்பு ஊத்தினா, கண்ணுல தண்ணி வரச் சாப்பிட்டான்.

மொத வருஷம் அப்படிப் போச்சு. சந்தோஷமாப் போச்சு.

ரெண்டாம் வருஷம் மழ வரல. ஐப்பசியிலயும் வரல, கார்த்திகையிலயும் வரல. மொதல்ல வடக்குத் தெருக்காரக வந்து, இந்தத் தடவ முடியாது அண்ணாச்சின்னாக. பெறகு மேலத் தெரு. மொத ஆட்டத்துக்கு மண்டைய ஒடைச்சுக்கிட்ட மேலத் தெரு! மண்டகப்படிய விட்டுக் குடுத்தா அம்மன் கேக்காதான்னேன். "அம்மன் குடிக்கத் தண்ணி கேக்கல அண்ணாச்சி, பிள்ளைங்க கேக்கு"ன்னுட்டுப் போறான். ஊருப்பற்று அம்புட்டுத்தான்.

நான் என்ன செய்வேன், சொல்லுங்க? எங்க தெரு கீழத் தெரு. எங்க தெரு முறையக் குடுத்தேன். அடுத்த ஆட்டத்துக்கும் எங்க தெருதான். அதுக்கடுத்ததுக்கும். கூட்டம் போட்டுக் கேக்க நேரம் எங்க இருக்கு, ஆபீசர் பூட்ஸப் போட்டுக்கிட்டுக் கெளம்பிருதாரு. நானே ஒத்துக்கிட்டு லாரியத் திருப்பி விட்டுருவேன். மைக்குல கீழத் தெரு பேரு வருதுல்ல? அந்தப் பெரும அந்தத் தெருவுக்குத்தான?

தெருப் பொம்பளைங்க எங்கிட்ட ஒண்ணும் பேச மாட்டாக. எல்லாத்தையும் வேலுத்தாய்கிட்டப் பேசியிருக்காக போல. அவ எங்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லல. சொன்னாத்தான தம்பி ஒரு ஆம்பளைக்குத் தெரியும்? விடியுமுன்ன கொடத்த எடுத்துக்கிட்டுப் போவா, ரயில் ரோட்டத் தாண்டி ஒரு தோட்டத்துக் கெணறு. எங்க வீட்டுக்கு எடுத்தது போக, தெருவுல நாலு வீட்டுக்கு வேற தூக்கிட்டு வந்து ஊத்துவா. எதுக்கு அவுக வீட்டுக்கெல்லாம் நீ சுமக்கன்னு கேட்டேன். "நீங்க குடுத்த உபயத்துக்குத்தான்"னா. நான் சிரிச்சிட்டேன். அவ வெளையாட்டுக்குச் சொல்லுதாள்னு நெனைச்சேன்.

ஒரே ஒரு நாளு கொஞ்சம் சத்தமாப் பேசினா. "ஊரு நாக்கு வறண்டு கெடக்கு. அந்த நீலப்பாய்க்கு நீங்க நாக்கு நனைச்சுக்கிட்டுத் திரியுதீங்க"ன்னா. தண்ணி இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வரும், டீமு போனா வருமான்னு கேட்டேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. பதில் இல்ல. இல்லேன்னா நான் சொன்னது சரின்னுதான அர்த்தம்?

மூணாம் வருஷம். அதுதான் கடைசி வருஷம், ஓனரு சொன்ன வருஷம். அத நடத்திட்டோம்னா டீமு எங்க டீமு.

எனக்கு ஒரே பொண்ணு, கனி. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு. அந்த வருஷந்தான் உண்டாகியிருந்தா. தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான பாக்கணும்? சம்பந்தியம்மா அனுப்ப மாட்டேன்னுட்டாக. "உங்க வீட்டுல குடிக்கவே தண்ணியில்ல, பிள்ளத்தாச்சிய எப்படி அனுப்ப?"ன்னு கேட்டாக. எனக்கு அது பெருசாத் தெரியல. நல்லதாப் போச்சு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குன்னு நெனைச்சேன். வேலுத்தாய் ரெண்டு நாளு சோறு திங்கல. பெறகு போன் போட்டுச் சம்பந்திகிட்டப் பேசிப் பேசி ஒண்ணு வாங்கிட்டா. பிரசவம் அங்கயே ஆகட்டும், முப்பதாம் நாளு பிள்ளையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, பேரு எங்க வீட்டுல வச்சு வைக்கணும், வார சனத்துக்கு ஒரு குறையும் இல்லாம நாங்க பாத்துக்கிடுதோம்னு.

அதுக்கு அவ ஒரு வேல பண்ணா. சுப்பாராஜுன்னு ஒருத்தரு, ஊருக்கு வெளிய தோட்டம் வச்சிருக்காரு, கெணத்துல தண்ணி உண்டு, சொந்தமா லாரியும் உண்டு. அவரு காட்டுல பருத்தி எடுக்கப் போனா. மார்கழியில ஆரம்பிச்சு அந்த வெள்ளாம முடியுற வரைக்கும் போனா. கூலி வேண்டாம், எம் பேரப்பிள்ளைக்குப் பேரு வைக்கிற அன்னைக்கு ஒரு லாரித் தண்ணி எங்க வீட்டுத் தொட்டியில வந்து எறங்கணும்னு பேச்சு. பருத்திக்காய் ஓடு கிழிச்சு வெரலு பூராக் கீறலா இருக்கும். சோத்தப் பெசையும்போது எரியும் போல, ஸ்பூன் வச்சுத் திம்பா. நான் கூட வெளையாட்டாச் சொன்னேன், "என்ன, ஆலந்துக்காரி ஆயிட்டியே"ன்னு.

அந்தப் பேரு வைக்கிற நாளும் டெல்லி டீம் ஆட்டமும் ஒரே நாளா வந்து வாச்சது. அது என் குத்தமா? அட்டவணை போட்டது லீக்கு. நாள் பாத்தது சம்பந்தி வீட்டு ஜோசியரு. ஆட்டம் ஜெயிச்சா அரையிறுதி. ஓனரே வாராரு. நான் காலையில வேட்டி துண்டெல்லாம் எடுத்து வச்சிட்டு, மைதானத்துல தண்ணிய எறக்கி விட்டுட்டு வந்துருதேன்னு சொல்லிட்டுப் போனேன். அவ வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. பெரிய கோலம். தலைய ஆட்டினா.

அன்னைக்கு மைதானத்துக்குன்னு எட்டயபுரத்துப் பக்கம் இருந்து ஒரு லாரிக்குச் சொல்லி வச்சிருந்தோம். அது பாதி வழியில அச்சு முறிஞ்சு ரோட்டோரம் நிக்குதுன்னு போன் வருது. ஆபீசர் வந்தாச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது, டர்ஃப்ல கால வைக்க முடியல, அப்படிச் சுடுது. பசங்க பாவம், கம்பப் புடிச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்காக. ஜெபஸ்டின் வந்து, "அண்ணாச்சி, போச்சா?"ன்னு கேக்கான். எனக்கு உசுரே போற மாதிரி ஆயிருச்சு தம்பி. மூணு வருஷம் காப்பாத்துன டீமு, ஒரு லாரித் தண்ணிக்காகப் போகப் போவுது.

வெளிய ரோட்டுக்கு ஓடியாந்து நிக்கேன். தெக்க இருந்து ஒரு தண்ணி லாரி வருது. மேல ஈரச் சாக்கப் போட்டு, ஒழுக ஒழுக வருது. கீழத் தெருவுல திரும்புது.

ஓடிப் போயி முன்னால நின்னு கைய விரிச்சேன். சுப்பாராஜு லாரி. டிரைவர் எட்டிப் பாத்து, "அண்ணாச்சி, இது உங்க வீட்டுக்குத்தான் போவுது"ங்கான். "என் வீட்டுத் தண்ணின்னா நான் சொல்லுத எடத்துல ஊத்து"ன்னேன். அவன் முழிக்கான். "மதினி வைவாக அண்ணாச்சி"ங்கான். மதினிகிட்ட நான் பேசிக்கிடுதேன், திருப்புன்னேன். திருப்பிட்டான்.

எடுத்துட்டேன்னு மட்டும் நெனைக்காதீங்க. சும்மா எடுக்கல. மைக்குக்காரன்கிட்ட நானே போயிச் சொன்னேன். எங்க தெருப் பேரு வேண்டாம், இது அவ சம்பாதிச்ச தண்ணி, அவ பேரு வரணும்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன், நீங்க யார வேணாலும் கேட்டுக்கிடுங்க. ஊரு பூரா மைக்குக் குழாய் கட்டியிருக்கு, எங்க தெரு முக்குலயும் ஒண்ணு. அவன் சொல்லுதான், "இன்றைய மைதானத் தண்ணீர் உபயம், கீழத் தெரு சீனிச்சாமி வேலுத்தாய் குடும்பத்தார்! பேத்தியின் பெயர் சூட்டு விழாவை முன்னிட்டு!" அந்தக் கடைசி வரிய அவனே சேத்துக்கிட்டான். காலரியே கை தட்டுது. ஓனரு எந்திரிச்சு எனக்கு ஒரு கும்பிடு போட்டாரு. தண்ணி எந்திரிச்சு விழுது, டர்ஃப்ல இருந்து ஆவி பறக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. எந்தப் பொண்டாட்டி பேர இத்தன ஆயிரம் பேரு மத்தியில மைக்குல சொல்லியிருக்கான், சொல்லுங்க? வீட்டுல இருந்து கேட்டிருப்பா, பெருமையா இருந்திருக்கும்னு நெனைச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனைச்சேன்.

ஆபீசர் வந்து மிதிச்சாரு. பூட்ஸச் சுத்தித் தண்ணி பொங்குச்சு.

அந்த ஆட்டம் ஜெயிச்சோம். முடிய ரெண்டு நிமிசம் இருக்கப் பெனால்டி கார்னர் கெடைச்சு ஆலந்துக்கார யான் இழுத்தான். பந்து தண்ணியச் சீவிக்கிட்டு ஒரு கோடு போட்ட மாதிரி போயி வலையில விழுந்துச்சு. ஊரு வேட்டிய அவுத்துச் சுத்துது. பயக என்னையத் தோள்ல தூக்கிக்கிட்டாக. அதான் நேரமாயிருச்சு. பொழுது சாயத்தான் வீட்டுக்குப் போறேன், சேவும் சீரணி மிட்டாயும் வாங்கிக்கிட்டு.

வாசல்ல பந்தல் இருக்கு. ஆளில்ல. அண்டா, சட்டியெல்லாம் கவுந்து கெடக்கு. அடுப்பு மூட்டல. பக்கத்து வீட்டுப் பார்வதியக்கா வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தாக. அவுகதான் நடந்ததச் சொன்னாக.

பதினோரு மணிபோல வேன்ல வந்திருக்காக. பிள்ள வழியெல்லாம் வெளிக்கி இருந்திருக்கு. கழுவத் தண்ணி கேட்டிருக்காக. எங்க வீட்டுல தவலையில கொஞ்சம் இருந்திருக்கு, அது முடிஞ்சிருச்சு. மறுபடியும் கேட்டிருக்காக. வேலுத்தாய், "வந்துக்கிட்டு இருக்கு, எங்க தண்ணி வந்துக்கிட்டு இருக்கு"ன்னு வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்திருக்கா. கூட்டத்துல யாரோ அந்தா லாரின்னு சொல்ல, இவ முக்கு வரைக்கும் ஓடிப் பாத்திருக்கா. லாரியோட பின்பக்கத்தத்தான் பாத்திருக்கா. அப்பத்தான் மைக்குக் குழாயில பேரு சொல்லியிருக்கான். சம்பந்தி சனம் அம்புட்டும் கேட்டிருக்கு. பேத்தியின் பெயர் சூட்டு விழாவை முன்னிட்டுன்னு.

சம்பந்தியம்மா பெட்டிக் கடையில பாட்டில் தண்ணி வாங்கியாரச் சொல்லி, பிள்ளைக்குக் கால் கழுவி விட்டாகளாம். கனி அழுதுக்கிட்டே பிள்ளையத் துணியில சுத்திக்கிட்டு வேன்ல ஏறிட்டாளாம். பெறகு வேலுத்தாய் வீட்டுக்குள்ள போயிருக்கா, சாமி படத்துக்குப் போட்ட மாலைய எடுத்து வச்சிருக்கா, கதவ இழுத்துச் சாத்திட்டு அவளும் ஏறிட்டா. சாவிய பார்வதியக்காகிட்டக் குடுத்திருக்கா. "அவுக வந்தாக் குடுங்க"ன்னு சொன்னாளாம். அம்புட்டுத்தான் சொன்னாளாம்.

கோபம் ஆறுனதும் வருவான்னு நெனைச்சேன். அரையிறுதி வேற இருந்துச்சு. அத முடிச்சிட்டுப் போயிக் கூட்டியாருவோம்னு விட்டுட்டேன். அரையிறுதி தோத்துப் போச்சு, அது வேற கத.

அடுத்த மாசம் ஓனரு சங்கத்துக்கு வந்தாரு. எல்லாருக்கும் பொன்னாடை. எனக்கும் ஒண்ணு. டீமு கோயமுத்தூருக்குப் போகுதுன்னாரு. "தண்ணி கொறையாப் போச்சா சார்?"னு கேட்டேன். அவரு, "தண்ணியா? அதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லையே. உங்க ஊர்ல எல்லாமே பிரமாதம்"னாரு. டி.வி.க்காரகளுக்குப் பக்கத்துல ஏர்போர்ட் இல்லையாம். வெளிநாட்டு ஆட்டக்காரனுக்கு நல்ல ஓட்டல் இல்லையாம். அம்புட்டுத்தான். மொத வருஷமே தெரியும் தம்பி அவருக்கு, ஏர்போர்ட் என்ன நேத்தா இல்லாமப் போச்சு?

"மண்டகப்படிக்காரன ஒரு வார்த்த கேக்காமச் சாமியத் தூக்கிட்டுப் போலாமா சார்?"னேன். அவரு மேனேஜர் மூஞ்சியப் பாத்தாரு. மேனேஜர் வாட்சப் பாத்தான். லாரியில கோல் போஸ்ட் ரெண்டையும் ஏத்தும்போது நாந்தான் கயிறு கட்டிக் குடுத்தேன். வேற யாருக்கும் ஒழுங்காக் கட்டத் தெரியல.

இப்ப எங்க ஊருக்குப் புதுசாக் கூட்டுக் குடிநீர் வந்துருச்சு. ஆத்துத் தண்ணி. தெனமும் வருது. தெனமும்! எங்க வீட்டுத் தொட்டி நெறஞ்சு வாசல்ல வழிஞ்சு ஓடுது. ஒத்த ஆளுக்கு எம்புட்டு வேணும்? பார்வதியக்கா தெனம் திட்டுதாக, குழாய மூடுடான்னு. நான் மூடுததில்ல. டர்ஃப் வெடிச்சுக் கெடக்கு, ஆடு மேயுது.

திருப்பூருக்கு நான் போறதுண்டு. இன்னைக்கும் போயிட்டுத்தான் வாரேன். பேத்தி இப்ப ஓடுதா, பேசுதா. என்ன பேரு வச்சிருக்காகன்னு பார்வதியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலுத்தாய் கனி வீட்டு முத்தத்துக் குழாய்ல துணி அலசிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் கைய சேலையில தொடச்சிக்கிட்டு எந்திரிச்சா. "வாங்க"ன்னா. கனி வேலைக்குப் போயிருக்கு, வர நேரமாகும்னா. நான் செருப்பக் கழட்டவா வேண்டாமான்னு நிக்கேன்.

பஸ்ல போகும்போதெல்லாம் என்னென்னமோ பேசணும்னு நெனைச்சுக்கிட்டுத்தான் போவேன் தம்பி. ஊர்ல தண்ணி வந்துருச்சு, வந்துருன்னு சொல்லணும். வீடு வீடா இல்ல, ராவெல்லாம் தூக்கம் இல்லன்னு சொல்லணும். அங்க போயி நின்னதும் வாயில என்ன வருதுன்னா, "ஜெபஸ்டின் இந்தியா டீமுக்குப் போயிட்டான், பேப்பர்ல போட்ருக்கு"ன்னு வருது. இன்னைக்கும் அதத்தான் சொன்னேன். "நல்லாருக்கட்டும்"னா.

உள்ள போயி ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. வெயில்ல வந்திருப்பீங்கன்னா. நின்ன மேனிக்கே குடிச்சேன். வெரலு எல்லாம் ஆறிப் போச்சு அவளுக்கு, கீறலே இல்ல. செம்ப வாங்கிக்கிட்டு, "இன்னும் வேணுமா?"ன்னு கேட்டா.

கோபமாக் கேக்கல. நல்லபடியாத்தான் கேட்டா. அதுதான் என்னால தாங்க முடியல. முப்பது வருஷத்துக்கு மேல அவ வீட்டுல தண்ணி குடிச்சிருக்கேன், ஒரு நாளும் அவ என்னைய அப்படிக் கேட்டதில்ல. தாகமெடுத்தா நானே உள்ள போயிப் பானையில மொண்டு குடிப்பேன். வீட்டு ஆளுன்னா அப்படித்தான தம்பி. வந்துட்டுப் போற ஆளுக்குத்தான செம்புல கொண்டாந்து குடுத்துட்டு, இன்னும் வேணுமான்னு கேப்பாக.

போதும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.